வாடையில் யார் புகை, சோழகத்தில் யார் புகை: இராமநாதபுரம் கரைக்குக் காற்றுமாசு மாடல் செய்ய முழுமையான வழிகாட்டி

தை மாதத்து விடியற்காலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால், சில நாள் குருசடைத் தீவு கண்ணுக்கே தெரியாது. பனி என்போம். வெயில் ஏறி ஒன்பது மணி ஆன பிறகும் அந்தச் சாம்பல் மங்கல் கலையாமல் நின்றால் அது வெறும் பனி இல்லை. ஆடியில் அதே பாலத்தில் காற்று ஆளையே தள்ளும். அப்போதும் தென்மேற்கே வானத்தின் அடியில் ஒரு வெளுப்பு தெரியும். இரண்டும் ஒரே புகையா? இரண்டுக்கும் பொறுப்பு ஒருவர்தானா?

அளக்கும் கருவி காற்றில் எவ்வளவு மாசு என்று சொல்லும். அது யாருடையது என்று சொல்லாது. யாருடையது என்று தெரியாமல் கட்டுப்பாடு கொண்டுவந்தால் அது கைக்கெட்டும் ஆள் மேல்தான் விழும். கரிமூட்டம் போடுபவர், விசைப்படகு வைத்திருப்பவர், விறகடுப்பில் பதநீர் காய்ச்சும் குடும்பம், இவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் புகைபோக்கி கண்ணில் படாது. எந்தக் காற்றில் எவ்வளவு பங்கு யாருடையது என்று பிரித்துச் சொல்லத்தான் மாடல் வேண்டும், அதாவது புகை கிளம்பும் இடம், காற்று, வேதிமாற்றம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் கணினி நிரல். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கல்லூரி மாணவர்கள், சுற்றுச்சூழல் வேலை செய்பவர்கள், கணினியில் ஓரளவு பழக்கம் உள்ள ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் கரையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். முறை ஆசியாவின் எந்தக் கரைக்கும் பொருந்தும்.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இராமநாதபுரத்தின் காற்றுமாசை ஆராய்வோம்" என்பது கேள்வி இல்லை. "தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் கந்தகத்தை நீக்கினால், கீழக்கரையில் ஜூலை மாதத்து நுண்துகள் எவ்வளவு குறையும்?" என்பது கேள்வி. எந்த மூலம், எந்த இடம், எந்தக் காலம், எந்த மாசு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் வரும். வரைபடத்தை எத்தனை கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரிப்பது, எந்த மாதங்கள், எந்த வேதியியல் என்பதெல்லாம் அதில் அடங்கிவிடும். கேள்வி இல்லாமல் மாடலை ஓட்டியவர்கள் வண்ண வரைபடத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதை வைத்து ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கோப்பும் நகராது.

அளவுகோலையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2009இல் வந்த இந்தியத் தரம் பிஎம் 2.5 நுண்துகளுக்கு, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளுக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது ஆண்டுக்கு 5, ஒரு நாளுக்கு 15. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால், "தரத்துக்குள் இருக்கிறது" என்று எழுதும்போது எந்தத் தரம் என்று கூடவே எழுத வேண்டும்.

இரண்டாம் படி: காற்றைப் பழகுங்கள்

மாடலைத் தொடுவதற்கு முன் ஒரு வருடக் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் கரையில் இதற்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம் என்று கடலுக்குப் போகிறவர்கள் மாதக் கணக்கோடு சொல்வார்கள். வடகடலில் எப்போது அலை எழும், தென்கடலில் எப்போது எழும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. மாடல் தரும் காற்றுத் திசை அவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை என்றால், நான் முதலில் மாடலைத்தான் சந்தேகப்படுவேன்.

அப்புறம் வரைபடத்தில் அளந்து பாருங்கள். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி நேர்கோட்டில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர், தென்மேற்கே. கீழக்கரையிலிருந்து என்றால் 85 கிலோமீட்டர்தான். இலங்கையின் நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இராமேசுவரத்துக்குத் தெற்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நெய்வேலி வடக்கே 250 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எண்ணூர் அதற்கும் அப்பால். அதாவது கச்சானும் சோழகமும் வீசும்போது நமக்குக் காற்று வரும் பக்கத்தில் இருப்பது தூத்துக்குடி. வாடை வீசும்போது நெய்வேலியும் எண்ணூரும், அவற்றுக்குப் பின்னால் ஆந்திரக் கரையும் கங்கைச் சமவெளியும்.

இந்தத் தூரத்தை நேரமாக மாற்றுவது முக்கியம். நொடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் மணிக்கு 18 கிலோமீட்டர். தூத்துக்குடிப் புகை எட்டு மணி நேரத்தில் இராமேசுவரம் வந்துவிடும். கங்கைச் சமவெளியிலிருந்து 2,000 கிலோமீட்டர் வர நாலரை நாளுக்கு மேல் ஆகும். புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு வாயு, வெயிலில் மணிக்கு ஒரு சதவீத அளவில் மெல்ல மெல்ல சல்பேட் துகளாக மாறுகிறது. மேகத்துக்குள் புகுந்தால் இன்னும் வேகமாக மாறும். ஆகவே பக்கத்துப் புகை பெரும்பாலும் வாயுவாகவே வந்து சேரும், தூரத்துப் புகை துகளாக வந்து சேரும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் இது தேவைப்படும்.

தூரத்துத் துகள் கடல் தாண்டிப் போகும் என்பது ஊகம் இல்லை. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோஎக்ஸ் ஆய்வில் வி. இராமநாதன், பால் க்ரூட்சன் தலைமையிலான குழு, தெற்காசியாவின் பழுப்பு மங்கல் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் வெகு தூரம் பரவியிருப்பதை விமானத்திலும் கப்பலிலும் போய் அளந்து காட்டியது. அந்த மங்கல் தெற்கே இறங்கும் வழியில்தான் நாம் இருக்கிறோம்.

செய்து பார்க்க: அமெரிக்காவின் நோவா அமைப்பு ஹைஸ்ப்ளிட் என்ற கருவியை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து, 100, 500, 1,500 மீட்டர் உயரங்களில் 120 மணி நேரம் பின்னோக்கி ஓட்டுங்கள். அந்தக் காற்று எங்கெங்கே இருந்துவிட்டு வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். ஒரு கோட்டை நம்பிப் பேசாதீர்கள். மாதம் முழுக்க ஆறு மணி நேரத்துக்கு ஒரு கோடு எடுத்து, கற்றையாகப் பாருங்கள். ஜனவரிக் கற்றையையும் ஜூலைக் கற்றையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

மூன்றாம் படி: உமிழ்வுக் கணக்கு

இந்த வேலையில் மொத்த நேரத்தில் பாதியை நான் இதற்குத்தான் ஒதுக்கச் சொல்வேன். மாடலுக்குள் இருக்கும் இயற்பியல் நல்லதாக இருக்கலாம். எங்கிருந்து எவ்வளவு புகை வருகிறது என்று நாம் கொடுக்கும் கணக்கு தப்பென்றால் விடையும் தப்புத்தான்.

ஆரம்பத்துக்கு ஆயத்தக் கணக்குகள் இருக்கின்றன. ஐரோப்பிய ஆணையத்தின் எட்கார் உலகம் முழுவதையும் 0.1 பாகைக் கட்டங்களாக, அதாவது சுமார் 11 கிலோமீட்டர்க் கட்டங்களாகத் தருகிறது. ஜப்பானியர்கள் செய்த ரியாஸ் ஆசியாவுக்கே உரியது. இறக்கிக்கொண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பெரிய புகைபோக்கிகள் சரியான கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. தூத்துக்குடியின் பழைய அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050. அதன் பக்கத்திலேயே 500 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள் கொண்ட இன்னொரு நிலையம். இவை ஒரு கட்டம் தள்ளிக் கடலில் விழுந்திருந்தால் கையால் திருத்துங்கள். உயரத்தையும் கொடுங்கள். 500 மெகாவாட் அலகுக்கு நம் நாட்டு விதிப்படி புகைபோக்கி 275 மீட்டர். அந்தப் புகையைத் தரைமட்டக் கட்டத்தில் கொட்டிவிட்டால், தூத்துக்குடி ஊருக்குள் இல்லாத மாசு இருப்பதாகவும் கீழக்கரைக்கு வருவது குறைவாகவும் மாடல் காட்டும்.

அடுத்து, பெரியதும் சிறியதும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 1,000 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 2.4 கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி என்று வைத்தால் 16,800 டன். நிலக்கரியில் அரை சதவீதம் கந்தகம் என்று வைத்தால் 84 டன் கந்தகம். எரிந்ததும் எடை இரட்டிப்பதால் ஏறக்குறைய 168 டன் கந்தக டையாக்சைடு. சாம்பலில் கொஞ்சம் தங்கிவிடும், அதைக் கழித்துக்கொள்ளலாம். இப்போது விசைப்படகுக்கு வாருங்கள். 500 படகு, படகுக்கு 300 லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் லிட்டர், 126 டன். 2020 ஏப்ரலிலிருந்து நாட்டில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். கணக்குப் போட்டால் 500 படகும் சேர்ந்து இரண்டரைக் கிலோ கந்தக டையாக்சைடு விடுகின்றன.

இரண்டரைக் கிலோ எங்கே, 168 டன் எங்கே! கந்தகத்துக்காகப் படகுக்காரரைப் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் அதே படகுகள் விடும் நைட்ரஜன் ஆக்சைடு வேறு கதை. கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத டீசல் எஞ்சின் ஒரு டன் எண்ணெய்க்கு 40 முதல் 60 கிலோ வரை விடும். அது ஐந்திலிருந்து ஏழரை டன். கரும்புகையும் உண்டு. எந்த மாசைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொறுப்பாளி மாறுகிறார். அதனால்தான் முதல் படியில் மாசின் பெயரையும் எழுதச் சொன்னேன்.

படகுகளுக்கு நம் கரையில் ஓர் அருமையான தகவல் இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் வாங்க வேண்டும். அந்த டோக்கன் எண்ணிக்கைதான் அன்று ஓடிய படகுகளின் எண்ணிக்கை. பதிவான படகு எத்தனை என்று பார்த்து அதை 365ஆல் பெருக்குவது பெரிய தவறு. எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. வேலைநிறுத்தம் என்றால் வாரக்கணக்கில் படகு கரையிலேயே நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இன்னொன்று, படகின் புகை முழுவதையும் ஜெட்டி இருக்கும் கட்டத்தில் போடாதீர்கள். காலையில் புறப்பட்டு மறுநாள் திரும்பும் படகு எரித்த டீசலில் பெரும்பகுதி பாக் நீரிணையின் நடுவில்தான் எரிந்தது. அங்கே பரப்பிப் போடுங்கள்.

கரிமூட்டத்துக்கு இப்படி ஒரு பதிவேடு கிடையாது. நடந்துதான் போக வேண்டும். சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர், கமுதி என்று சீமைக்கருவேலம் மண்டிய பக்கமெல்லாம் மூட்டம் உண்டு. ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். வெட்டிய கட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே வைக்கோலும் ஓலையும் போட்டு, ஈரமண் பூசி மூடியிருப்பார்கள். தீ வைத்த முதல் நாட்களில் வெள்ளைப் புகை தடித்து எழும். அதில் நீராவியும் தாரும் கலந்திருக்கும், கண் எரியும், தொண்டை கமறும். நாள் ஆக ஆகப் புகை மெலிந்து நீலமாகும். அப்போது மூட்டக்காரர் துளைகளை ஒவ்வொன்றாக மண் வைத்து அடைப்பார். அந்த நிற மாற்றத்தை வைத்தே உள்ளே கரி எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார்.

இந்தத் தீ செயற்கைக்கோளுக்குத் தெரியாது என்பதைக் கவனியுங்கள். விர்ஸ் கருவி 375 மீட்டர் நுணுக்கத்தில் தீயைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் அது தேடுவது மேற்பரப்பின் சூட்டை. மண்ணுக்குள் புழுங்கும் மூட்டம் அதன் கண்ணில் பெரும்பாலும் படாது. உலகளாவிய தீக் கணக்கை மட்டும் நம்பினால் நம் மாவட்டத்தில் கரிமூட்டமே இல்லை என்றாகிவிடும். ஆகவே எடைமேடையில் கரி லாரிகளை எண்ணுங்கள். ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு என்ற கணக்கில் பின்னால் போனால் எரிந்த விறகின் அளவு கிடைக்கும். இதே மாதிரி பருவத்தில் பதநீர் காய்ச்சும் விடிலிகளையும், செங்கல் சூளைகளையும், ஊர்க்கோடியில் எரியும் குப்பையையும் எண்ணிச் சேருங்கள். நூறு சதவீதம் துல்லியம் வேண்டியதில்லை. இல்லை என்று விடப்பட்டதுதான் ஆபத்து.

நான்காம் படி: மாடலும் கட்டமும்

எது நல்ல மாடல் என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வானிலையும் வேதியியலும் ஒன்றாக ஓடும் டபிள்யூஆர்எஃப்-கெம், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சிமாக், காம்எக்ஸ், பிரெஞ்சுக்காரர்களின் ஷிமேர் எல்லாமே இலவசம், எல்லாமே ஆசியாவில் பல இடங்களில் ஓட்டிப் பழகியவை. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும் மாடலை எடுங்கள். வானிலைக்கு ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 தரவு போதும்.

கட்டங்களை மூன்று அடுக்காக வையுங்கள். தெற்காசியா முழுவதற்கும் 27 கிலோமீட்டர், தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்து 9 கிலோமீட்டர், நம் கரைக்கு 3 கிலோமீட்டர். வெளி அடுக்கின் ஓரத்தில் உள்ளே வரும் காற்றுக்கு ஒரு உலக மாடலின் அளவுகளைக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவின் காம்ஸ் மறுபகுப்பாய்வு, அதாவது பழைய நாட்களின் காற்றை அளந்த எண்களோடு சேர்த்து மறுபடி கணக்கிட்டது, 2003இலிருந்து கிடைக்கிறது. ஒரு வருடம் முழுக்க ஓட்ட வசதி இல்லையென்றால் ஜனவரி, மே, ஜூலை, அக்டோபர் என்ற நான்கு மாதங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்து நாள் சேர்த்து ஓட்டி அந்தப் பத்து நாளைத் தள்ளிவிடுங்கள். ஆரம்ப நிலையின் கசடு அதில் போய்விடும்.

ஐந்தாம் படி: கரையின் குணம்

உள்நாட்டு ஊருக்குச் செய்தவர்கள் கரைக்கு வரும்போது வழுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்திருக்கிறேன். முதல் முறை 9 கிலோமீட்டரில் ஓட்டியபோது பாம்பன் தீவின் பெரும்பகுதியை மாடல் கடலாகவே எடுத்துக்கொண்டிருந்தது. இராமேசுவரத்தில் பகல் வெப்பம் ஏறவே இல்லை. காரணம் தெரியாமல் இரண்டு வாரம் தேடினேன். தனுஷ்கோடி மணல்திட்டு சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை, 3 கிலோமீட்டர்க் கட்டத்திலும் அது கடல்தான். ஆகவே ஓட்டுவதற்கு முன்பே நிலம்-கடல் வரைபடத்தை வரைந்து பாருங்கள். கண்மாய்களையும் பாருங்கள். நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் கண்மாய் நீர் என்று குறிக்கப்பட்டிருந்தால், வைகாசியில் வெடித்துக் கிடக்கும் தரையை மாடல் குளிர்ந்த ஏரியாக நினைத்துக்கொள்ளும். பெரிய கண்மாய்கள் நிறைந்த மாவட்டத்தில் இது கடற்காற்றையே மாற்றிவிடும்.

கடற்காற்று ஏன் இவ்வளவு முக்கியம்? கடலுக்கு மேல் காற்று அமைதியாக, அடுக்கடுக்காக நிற்கிறது. உயரமான புகைபோக்கியின் புகை அந்த அடுக்குக்குள் கலையாமல் ஒரு நாடா போலப் பயணம் செய்யும். பகலில் அது சூடான நிலத்துக்கு மேல் வந்ததும், தரையிலிருந்து எழும் வெப்பக் கலக்கம் அந்த நாடாவைப் பிடித்துக் கீழே இழுக்கும். கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, புகைபோக்கி எதுவுமே கண்ணுக்குத் தெரியாத ஊரில், நண்பகலில் திடீரென்று அளவு ஏறும். இதை மாடல் பிடிக்க வேண்டுமென்றால் கீழ் ஒரு கிலோமீட்டருக்குள் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடுக்குகள் வேண்டும்.

கடலுப்பையும் மறக்கக் கூடாது. ஆடிக் காற்றில் அலை உடைந்து பறக்கும் உப்புத்துகள் பிஎம் 10இல், அதாவது 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் கணக்கில், கணிசமாகச் சேரும். அதை எந்தச் சட்டத்தாலும் குறைக்க முடியாது. அதைத் தனி வரியாகக் காட்டினால்தான், மனிதர் குறைக்கக்கூடிய பங்கு எது என்று தெரியும்.

ஆறாம் படி: சரிபார்ப்பு

முதலில் காற்று, பிறகு மாசு. பாம்பன் வானிலை நிலையத்தின் காற்றோடும், காரைக்காலில் விடும் வானிலை பலூனின் அளவுகளோடும் ஒப்பிடுங்கள். வேகத்தில் நொடிக்கு 2 மீட்டருக்குள், திசையில் 30 பாகைக்குள் பிழை இருந்தால் மேலே போகலாம். கடற்காற்று எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். சராசரி சரியாக இருந்தும் கடற்காற்று மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால், நண்பகல் அளவுகள் எல்லாம் கெட்டுவிடும்.

மாசுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மணிக்கணக்கு அளவுகள் கிடைக்கும். துகள் அளவை மாடல் சராசரியாகக் கூட்டியோ குறைத்தோ காட்டுவது 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 60ஐத் தாண்டினால் கொள்கை பேச அந்த ஓட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. செயற்கைக்கோளில் ட்ரோபோமி கருவி நைட்ரஜன் டையாக்சைடையும் கந்தக டையாக்சைடையும் தினமும் காட்டுகிறது. ஆனால் அது நம் மேல் வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கில், அளப்பது தரையிலிருந்து மேல் வரை மொத்தமாக. மாடலிலும் அதே நேரத்தை, அதே மொத்தத்தை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மலிவான சென்சார் பற்றி ஒரு எச்சரிக்கை. கரையோர வீட்டு மொட்டை மாடியில் ஒன்றை வைத்திருந்தேன். விடியற்காலையில் பிஎம் 2.5 எகிறியது. பக்கத்தில் குப்பை எரிக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒரு குறிப்பும் எழுதி அனுப்பிவிட்டேன். பிறகுதான் ஈரப்பதத்தோடு சேர்த்து வரைந்து பார்த்தேன். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய மணிகளில்தான் அத்தனை ஏற்றமும். உப்புத்துகள் நீரை உறிஞ்சி வீங்கி நிற்பதைச் சென்சார் மாசு என்று எண்ணியிருக்கிறது. அந்தத் தெருவில் குப்பை அள்ளும் அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். ஈரப்பதத் திருத்தம் இல்லாத ஓர் எண்ணை வெளியே விடாதீர்கள்.

ஏழாம் படி: பங்கு பிரித்தல்

இப்போதுதான் முதல் கேள்விக்கு வருகிறோம். மூலங்களைக் குழுக்களாகப் பிரியுங்கள். மாவட்டத்துச் சிறு தீக்கள், படகுகள், தூத்துக்குடித் தொழிற்சாலைகள், மீதித் தமிழ்நாடு, மீதி இந்தியா, இலங்கை, பெருங்கப்பல்கள், உப்பும் மண்ணும். பாக் நீரிணை ஆழம் குறைவு என்பதால் பெருங்கப்பல்கள் இலங்கையைத் தெற்கே சுற்றித்தான் போகின்றன. அவற்றின் எண்ணெயில் கந்தக உச்சவரம்பு 2020 ஜனவரியில் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. பழைய கணக்கை வைத்திருந்தால் இதைத் திருத்த வேண்டும்.

பிறகு ஒவ்வொரு குழுவையும் 20 சதவீதம் குறைத்து ஒரு முறை ஓட்டி, எதையும் குறைக்காத அடிப்படை ஓட்டத்திலிருந்து கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் அந்தக் குழுவைக் குறைப்பதால் கிடைக்கும் பலன். ஏன் முழுவதும் அணைக்கக் கூடாது? வேதியியல் நேர்கோட்டில் நடப்பதில்லை. சல்பேட் குறைந்தால் அதனோடு சேர்ந்திருந்த அம்மோனியா விடுபட்டு நைட்ரேட்டோடு சேர்ந்துகொள்ளும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் சில இடங்களில் ஓசோன் ஏறும். சீனாவில் 2013க்குப் பிறகு நுண்துகள் வேகமாகக் குறைந்த அதே காலத்தில் பல நகரங்களில் ஓசோன் கூடியது. கொள்கை எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கும், மாடலும் அப்படியே குறைத்துப் பார்க்கட்டும். காம்எக்ஸிலும் சிமாக்கிலும் ஒவ்வொரு மூலத்தின் புகைக்கும் அடையாளம் கட்டி விடும் வசதியும் உண்டு. இரண்டு முறையும் ஒரே விடை தராது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

தடைக்காலத்தை இயற்கை தந்த சோதனையாகப் பயன்படுத்தலாமே என்று பலர் கேட்பார்கள். பயன்படுத்தலாம், ஆனால் நேரடியாக முன்னும் பின்னும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் காற்றே திசை மாறிவிடுகிறது. அதே காற்றில் படகோடு ஒரு முறை, படகில்லாமல் ஒரு முறை ஓட்டி, அளந்ததோடு எது பொருந்துகிறது என்று பாருங்கள். உங்கள் படகுக் கணக்கு சரியா என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை இந்தக் கரையில் இல்லை.

எட்டாம் படி: கொள்கை மேசைக்கு

மாடல் கொள்கையை நகர்த்தியதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஆஸ்திரியாவில் உள்ள ஐஐஏஎஸ்ஏ நிறுவனம் செய்த ரெயின்ஸ் மாடலை வைத்துத்தான் ஐரோப்பிய நாடுகள் 1994 ஆஸ்லோ கந்தக உடன்பாட்டில் யார் எவ்வளவு குறைப்பது என்று பேசின. எல்லோரும் ஒரே சதவீதம் என்றில்லாமல், மண்ணும் ஏரியும் எவ்வளவு தாங்கும், எங்கே குறைத்தால் செலவு குறைவு என்று பார்த்துப் பிரித்தார்கள். 1990களில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோடு அதையே ஆசியாவுக்குச் செய்தார்கள். அதன் வாரிசு கெயின்ஸ் இப்போது நுண்துகள், ஓசோன், பசுங்குடில் வாயுக்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. எல்லை தாண்டும் காற்றுமாசு பற்றிய மாலே பிரகடனத்தை 1998இல் தெற்காசிய நாடுகளும் ஈரானுமாக எட்டு நாடுகள் ஏற்றன, இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. நுரைச்சோலைப் புகை இங்கே வருகிறது என்று நாம் பேசினால், வாடையில் நம் புகை மன்னார் வளைகுடாவைத் தாண்டிப் போவதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். அப்போதுதான் அந்தப் பேச்சு நடக்கும்.

உள்நாட்டில் இப்போது நேராக நம்மைத் தொடும் விஷயம் கந்தகம். நிலக்கரி நிலையங்களுக்கான உமிழ்வு விதி 2015 டிசம்பரில் வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கி கட்டாயம் இல்லை என்று தளர்த்தப்பட்டது. நிலையங்களைச் சுற்றியுள்ள காற்றில் கந்தக டையாக்சைடு தரத்துக்குள்தான் இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இரண்டாம் படியில் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். வாயு அங்கே குறைவாகத் தெரிந்தாலும், அது போகும் வழியில் துகளாக மாறி வேறொரு மாவட்டத்தின் பிஎம் 2.5 கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வாயுவை மட்டும் அளந்து தீர்ப்புச் சொன்னால் புகை போய்ச் சேரும் ஊருக்கு நியாயம் கிடைக்காது. இதை எண்ணோடு காட்ட மாடலைத் தவிர வேறு வழி கிடையாது.

புதிய திட்டங்களுக்கும் இதே முறைதான். திருவாடானை பக்கம் உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது நமக்குத் தெரியும். இப்படி ஒன்று வரும்போது சுற்றுச்சூழல் அறிக்கையில் வழக்கமாகப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குத்தான் கணக்கு இருக்கும். எட்டு மணி நேரத்தில் 140 கிலோமீட்டர் போகும் புகைக்குப் பத்துக் கிலோமீட்டர் வட்டம் எப்படிப் போதும்? பொது விசாரணையில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், மாடல் படத்தோடு கேளுங்கள்.

கடைசியாகக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். நான்கு மாதங்கள் குறுக்கே, மூலக் குழுக்கள் நெடுக்கே, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மைக்ரோகிராம், அதன் இரு பக்கமும் எவ்வளவு பிழை வரலாம் என்ற எண்கள். பக்கத்தில் குறைக்க ஆகும் செலவு, அந்தச் செலவு யார் தலையில் விழும் என்ற இரண்டு பத்திகள். மூட்டத்துக்கு மாற்றாகப் புகையை உள்ளேயே எரிக்கும் உலை என்றால், அதன் விலையை மூட்டக்காரர் தாங்குவாரா என்றும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை அதிகாரியிடம் கொடுக்கும் முன், நீங்கள் எண்ணிய மூட்டக்காரர்களிடமும் டோக்கன் விவரம் தந்தவர்களிடமும் தமிழில் படித்துக் காட்டுங்கள். கணக்கில் எங்கே தப்பு என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். திருத்துங்கள். ஜூன் 15 காலையில் படகுகள் மறுபடி கடலில் இறங்கும்போது ஜெட்டிக்குப் போய், புது டோக்கன் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வந்து, அடுத்த ஓட்டத்தைத் தொடங்குங்கள்.